சொந்தக் கணிப்பொறியில் ஓர் அஞ்சல் நிலையம்

லிஸ்ட்மாங்க் மென்பொருள் பற்றிய ஒரு மதிப்பீடு

ஒரு செய்தியை நூறு பேருக்குத் தெரிவிக்க வேண்டுமானால், முன்னாளில் ஸ்டென்சில் வெட்டி, உருளையில் மை தடவி, தாள் தாளாக உருட்டி எடுத்து, தபால் தலை ஒட்டி அனுப்பினோம். சிறு மன்றங்கள் நடத்திய சுற்றுமடல்கள் ஊர்தோறும் இவ்வாறே பிறந்தன. இன்று அதே பணியை மின்னஞ்சல் செய்கிறது. தாள் இல்லை, மை இல்லை, தபால் தலையும் இல்லை. ஆயினும் ஒன்றை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அன்று முகவரிப் பட்டியல் மன்றச் செயலாளரின் மேசை இழுப்பறையில் இருந்தது. இன்று அது எங்கே இருக்கிறது?

பெரும்பாலும் அது எங்கோ ஒரு நிறுவனத்தின் கணிப்பொறியில் இருக்கிறது. அந்த நிறுவனம் கடையை மூடினால் பட்டியலின் கதி என்ன? இது வெறும் அச்சமன்று. தமிழர்கள் நேரில் கண்ட உண்மை. மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் ஆகிய பெயர்களில் இயங்கிய மடற்குழுக்கள் யாகூ நிறுவனத்தின் குழுமச் சேவையை நம்பி வளர்ந்தவை. உலகின் பல மூலைகளில் வாழ்ந்த தமிழர்கள் அவற்றில் எழுதினர், வாதிட்டனர், இலக்கியம் பேசினர். 2019ஆம் ஆண்டின் இறுதியில், பழைய மடல்களை அழிக்கப்போவதாக யாகூ அறிவித்தது. 2020 டிசம்பர் 15இல் சேவையையே நிறுத்தியது. முன்கூட்டியே படியெடுத்து வைத்தவர்களிடம் மட்டுமே மடல்கள் எஞ்சின.

இவ்வாறு மூடப்பட்டது இது ஒன்று மட்டுமன்று. செய்திமடல் அனுப்பவென்றே நடத்தப்பட்ட ரெவ்யூ என்னும் சேவை 2023 ஜனவரியில் நின்றது. டைனிலெட்டர் என்னும் சேவை 2024 பிப்ரவரியில் நின்றது. ஆகவே, 'மென்பொருளை நம் கணிப்பொறியிலேயே நிறுவிக்கொண்டால் என்ன?' என்ற வினா எழுவது இயல்பே. இவ்வினாவுக்கு நம் நாட்டிலேயே உருவான விடைதான் லிஸ்ட்மாங்க். அது எந்த அளவுக்குச் சரியான விடை என்பதை ஆராய்வோம்.

ஆராய்ச்சிக்கு ஓர் உரைகல் வேண்டும். சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், உப்பங்கழி கடலோடு கூடும் இடத்தில் முட்டுக்காடு உள்ளது. படகுத் துறையும், மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனைப் பண்ணையும் அங்கே உள்ளன. கழிக்கு வந்த பறவைகள், நீரின் உப்புத்தன்மை, முகத்துவாரம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பன போன்ற செய்திகளை மாதம் ஒருமுறை 600 பேருக்கு அனுப்ப விரும்பும் ஒரு மாணவர் மன்றம் அங்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களிடம் இருப்பது ஒரு பழைய மடிக்கணினி, அதில் லினக்ஸ், வீட்டு இணைய இணைப்பு ஆகியவை மட்டுமே. இவர்களுக்கு இம்மென்பொருள் பயன்படுமா?

பெங்களூரில் பிறந்த மென்பொருள்

ஜெரோதா என்னும் பெங்களூர்ப் பங்கு வணிக நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர் கைலாஷ் நாத் என்பவர் லிஸ்ட்மாங்கை உருவாக்கி 2019இல் வெளியிட்டார். பல இலட்சம் வாடிக்கையாளர்களுக்கு ஒரே நேரத்தில் மடல் அனுப்ப வேண்டிய தேவை அந்நிறுவனத்துக்கு இருந்தது. முன்னர் வழக்கிலிருந்த பி.எச்.பி.லிஸ்ட் போன்ற மென்பொருள்கள் சிறு கூட்டத்துக்கு நன்றாக உழைத்தன; பெருங்கூட்டத்துக்கு முன் தளர்ந்தன.

புதிய மென்பொருள் 'கோ' என்னும் கணிப்பொறி மொழியில் எழுதப்பட்டது. முகவரிகளும் மடல்களும் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகின்றன. 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட மடல்களை ஒரே தொடராக அனுப்பியபோது, இம்மென்பொருள் உச்ச அளவில் எடுத்துக்கொண்ட நினைவகம் 57 மெகாபைட் மட்டுமே என அதனை உருவாக்கியோர் குறிப்பிடுகின்றனர். கைப்பேசியில் நாம் திறக்கும் ஒரு சாதாரணச் செயலியே இதைவிட மிகுதியான நினைவகத்தை விழுங்கிவிடுகிறது. ஆகவே நம் மன்றத்தின் பழைய மடிக்கணினி இதற்குத் தாராளமாகப் போதும்.

இம்மென்பொருள் இலவசமானது மட்டுமன்று, கட்டற்றதும் ஆகும். இதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம். ஆனால் மாற்றிய வடிவத்தை இணையத்தின் வழியே பிறருக்குச் சேவையாக வழங்கினால், மாற்றிய நிரலையும் அவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஏ.ஜி.பி.எல். என்னும் உரிமம் விதிக்கும் நிபந்தனை இது. ஊர்க் கிணற்றில் யாரும் நீர் இறைக்கலாம், கிணற்றுக்கு வேலி போடக்கூடாது என்பதைப் போன்றது.

நிறுவும் முறை

டெபியன், உபுண்டு, சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் ஆகிய எந்த லினக்ஸ் ஆயினும் சரியே. முதலில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை நிறுவி, அதில் லிஸ்ட்மாங்குக்கென ஒரு பயனர் பெயரும் வெற்றுத் தரவுத்தளமும் உண்டாக்க வேண்டும். அடுத்து லிஸ்ட்மாங்கை இறக்கிக்கொள்ள வேண்டும். அது ஒரே ஒரு கோப்பு. நூலகங்கள், துணை நிரல்கள் என்று அலைய வேண்டியதில்லை.

பின்னர் மூன்று கட்டளைகள். முதற் கட்டளை, அமைப்புக் கோப்பு ஒன்றை எழுதித் தரும். அதைத் திறந்து தரவுத்தளத்தின் பெயரையும் கடவுச்சொல்லையும் நாம் நிரப்ப வேண்டும். இரண்டாம் கட்டளை, தரவுத்தளத்தினுள் தேவையான அட்டவணைகளை அமைக்கும். மூன்றாம் கட்டளை, மென்பொருளை இயக்கும். உலாவியில் அதே கணிப்பொறியின் 9000ஆம் எண் போர்ட்டைத் திறந்தால் நிர்வாகப் பக்கம் கண்முன் நிற்கும். பழகியவருக்குக் கால் மணி நேர வேலை. புதியவருக்கு ஒரு மாலைப்பொழுது.

இத்துடன் இரண்டு பணிகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கணிப்பொறியை அணைத்துப் போட்டால் மென்பொருள் தானே இயங்கும்படி, லினக்ஸின் சேவைப் பட்டியலில் அதனைப் பதிந்துவிட வேண்டும். தரவுத்தளத்தை நாள்தோறும் படியெடுத்து வேறோர் இடத்தில் வைக்க வேண்டும். இவ்விரண்டில் பின்னதே முக்கியமானது. யாகூவின் கையில் இழந்ததை நம் கையாலேயே இழப்பதற்காகவா இத்தனை பாடு?

இதுவரை பார்த்த அளவில் லிஸ்ட்மாங்குக்கு முழு மதிப்பெண் தரலாம். நிறுவுவது உண்மையிலேயே எளிது. ஆனால் நிறுவி முடித்து, முதல் மடலை எழுதி, 'அனுப்பு' என்னும் பொத்தானை அழுத்தும்போதுதான் ஓர் உண்மை புலப்படுகிறது. லிஸ்ட்மாங்க் மடலைத் தயாரிக்கும், உறையிலிடும், முகவரி எழுதும். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்காது. அது எழுத்தர், தபால்காரர் அன்று.

கையேடு சொல்லாத பாதி

மடலைச் சுமந்து செல்லும் பணிக்கு எஸ்.எம்.டி.பி. என்னும் நெறிமுறை உண்டு. ஜோனதன் போஸ்டல் என்பவர் 1982இல் அதனை வகுத்தபோது, இணைப்பிலிருந்த கணிப்பொறிகள் குறைவு. அவற்றை நடத்தியோர் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள். எனவே அனுப்புநர் தாம் யார் என்று எதைச் சொன்னாலும் அந்நெறிமுறை ஏற்றுக்கொண்டது. அதன் பலனைத்தான் இன்று ஸ்பாம் என்னும் வேண்டாத மடல்களாக நாம் அனுபவிக்கிறோம்.

பின்னர் வந்தோர் இக்குறையை மூன்று பூட்டுகளால் அடைத்தனர். மூன்றும் டொமைன் எனப்படும் இணையப் பெயரோடு இணைந்தவை. முதற் பூட்டு எஸ்.பி.எஃப். இன்னின்ன கணிப்பொறிகள் மட்டுமே என் பெயரால் மடல் அனுப்பலாம் என்று பெயருக்குரியவர் பொதுவில் வெளியிடும் பட்டியல் இது. இரண்டாவது டி.கே.ஐ.எம். ஒவ்வொரு மடலிலும் பதிக்கப்படும் கணித முத்திரை. வழியில் மடலைத் திருத்தினால் முத்திரை பொருந்தாது. மூன்றாவது டிமார்க். முதலிரண்டும் பொருந்தாத மடலை என்ன செய்வது என்று பெயருக்குரியவர் தரும் அறிவுரை.

2024 பிப்ரவரி முதல் கூகுள், யாகூ ஆகிய நிறுவனங்கள் இவற்றைக் கட்டாயமாக்கின. நாளொன்றுக்கு 5000க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோருக்கு மூன்றும் வேண்டும். ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் வேண்டும். சிறிய அளவில் அனுப்புவோருக்கும் முதலிரண்டில் ஒன்றேனும் வேண்டும். அனுப்பும் கணிப்பொறியின் ஐ.பி. எண்ணைக் கொண்டு தேடினால் அதன் பெயர் கிடைக்கவும் வேண்டும். இந்தப் பின்னோக்குப் பதிவை நாமே செய்துகொள்ள இயலாது. அந்த எண்ணை நமக்கு வழங்கிய இணைய நிறுவனமே செய்து தர வேண்டும்.

இங்கேதான் நம் முட்டுக்காட்டு மன்றம் தடுக்கி நிற்கிறது. வீட்டு இணைப்பின் ஐ.பி. எண் பொதுவாக நிலையானதன்று. பல வீடுகளுக்கு ஒரே எண் பகிர்ந்தளிக்கப்படுவதும் உண்டு. இத்தகைய எண்களிலிருந்து நேரடியாக மடல் வரக்கூடாது எனக் கூறும் தடைப்பட்டியல்களை உலகின் பல அஞ்சல் நிலையங்கள் பின்பற்றுகின்றன. சரி, வெளியில் ஒரு கணிப்பொறியை வாடகைக்கு எடுப்போம் என்றால், அங்கும் தடை காத்திருக்கிறது. மடல் வெளியேறும் 25ஆம் எண் போர்ட்டை அமேசான், கூகுள் முதலிய பெரிய மேகக்கணிமை நிறுவனங்கள் இயல்பாகவே அடைத்து வைத்துள்ளன.

முகத்துவாரம்

முட்டுக்காட்டில் வாழ்வோருக்கு இந்நிலை புதிதன்று. மழைக் காலத்தில் கழி நிறைந்து கடலோடு கலக்கும். கோடையில் நீரோட்டம் குறையும். அலைகள் மணலைக் குவித்து முகத்துவாரத்தை அடைத்துவிடும். கழியும் இருக்கும், கடலும் இருக்கும். இடையே ஒரு மணல் திட்டு. கழி முழுவதையும் நாமே ஆண்டாலும், அத்திட்டு நம் சொற்கேட்பதில்லை. மின்னஞ்சலின் முகத்துவாரமும் இத்தகையதே. மென்பொருள் நம்முடையது, பட்டியல் நம்முடையது. படிப்பவரின் அஞ்சல் பெட்டியோ வேறொருவருடையது. அதன் வாயிலில் காவலை அவரே வைப்பார்.

முட்டுக்காட்டுக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், சிறுசேரி சிப்காட் பூங்காவில் மாபெரும் தரவு மையங்கள் எழுந்துள்ளன. எனினும் முட்டுக்காட்டு மாணவர் பக்கத்துக் கோவளத்திலுள்ள நண்பருக்கு அனுப்பும் மடல், இருவருக்கும் அறிமுகமில்லாத ஒரு நிறுவனத்தின் நடுவர் மன்றத்தில் நின்று, 'நீ நல்ல மடலா, கெட்ட மடலா?' என்ற விசாரணைக்கு உட்பட்ட பின்னரே நண்பரை அடைகிறது. கணிப்பொறிகள் அருகில் இருப்பது வேறு; அவற்றின் மீது நமக்கு உரிமை இருப்பது வேறு.

அந்த விசாரணையின் கடுமையை ஒரு சிறு கணக்கால் அறியலாம். பெற்றவர்களுள் 'இது ஸ்பாம்' எனப் புகார் செய்வோரின் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டக்கூடாது, 0.1 விழுக்காட்டுக்குக் கீழ் இருத்தல் நன்று என்பது கூகுள் விதி. நம் மன்றத்தின் 600 வாசகர்களும் ஜிமெயில் முகவரி உடையவர்கள் எனக் கொள்வோம். 600இல் 0.3 விழுக்காடு என்பது 1.8. அதாவது இரண்டே பேர் புகார்ப் பொத்தானை அழுத்தினால் எல்லை கடந்துவிடும். ஒருவர் அழுத்தினாலே 0.17 விழுக்காடு ஆகிவிடும். பத்து இலட்சம் பேருக்கு அனுப்பும் நிறுவனம் இரண்டு மூன்று புகார்களை உணர்வதேயில்லை. 600 பேருக்கு அனுப்பும் மன்றமோ ஒரு வாசகரின் அவசரத்தால் தள்ளாடுகிறது. விதி அனைவருக்கும் ஒன்றே. அதன் சுமை மட்டும் ஒன்றன்று.

வாசகர் ஏன் புகார்ப் பொத்தானை அழுத்துகிறார்? பெரும்பாலும், விலகும் வழி தெரியாததால். லிஸ்ட்மாங்க் ஒவ்வொரு மடலிலும் விலகும் இணைப்பைச் சேர்க்கிறது. ஆனால் அந்த இணைப்பு சுட்டுவது எங்கே? நம் வீட்டுக் கணிப்பொறியை! 2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அத்தகைய இரவில் இக்கடற்கரையில் மின்சாரம் நிற்பது வியப்பன்று. சென்னையிலோ சிங்கப்பூரிலோ உள்ள ஒரு வாசகர் அந்நேரத்தில் விலக விரும்பி இணைப்பைச் சொடுக்கினால் பக்கம் திறக்காது. அடுத்து அவர் விரல் போவது புகார்ப் பொத்தானுக்கே. மின்வெட்டால் மடல் தாமதமாவது சிறு குற்றம். விலகும் வாயில் மூடிக்கிடப்பதே பெருங்குற்றம். 'வீட்டிலேயே நிறுவிக்கொள்ளலாம்' என்று மகிழ்வோர் கவனிக்க மறக்கும் இடம் இது.

6 எழுத்தும் 108 எழுத்தும்

தமிழில் மடல் அனுப்புவோருக்கென ஒரு தனிச் செய்தி உண்டு. 1982இல் வகுத்த நெறிமுறை ஆங்கில எழுத்துகளை மட்டுமே சுமக்க வல்லது. பிற மொழிகளையும் படங்களையும் சுமக்க 1992இல் மைம் என்னும் முறை வந்தது. அது பிற மொழி எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் வேடத்தில் அனுப்பி வைக்கிறது. 'முட்டுக்காடு' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் 6 எழுத்துகள். யூனிகோடு முறையில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் 12 குறியீடுகள். யு.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட்டு வீதம் 36 பைட்டுகள். மைம் தரும் வேடங்கள் இரண்டு. பேஸ்-64 என்னும் வேடத்தில் 36 பைட்டு 48 எழுத்தாகும். கோட்டட் பிரிண்டபிள் என்னும் வேடத்தில் ஒவ்வொரு பைட்டும் மூன்றெழுத்தாகி மொத்தம் 108 எழுத்தாகும்!

பின்னது ஆங்கிலத்துக்கு உகந்த வேடம். ஆங்கில எழுத்தை அப்படியே விட்டுவிடும். தமிழுக்கு அது மும்மடங்குச் சுமை. ஆகவே செய்திமடல் மென்பொருள் எதுவாயினும், முழு மடலையும் அனுப்புமுன் ஒரு மாதிரி மடலை உங்களுக்கே அனுப்பி, அதன் மூல வடிவைத் திறந்து, எந்த வேடம் பயன்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மாணவர்களுக்கு இதைவிடச் சுவையான செய்முறைப் பயிற்சி வேறில்லை.

இன்னொன்று. முட்டுக்காட்டில் 2005 முதல் பல்வகை மாற்றுத்திறனாளிகளின் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் இயங்கி வருகிறது. பார்வையற்றோர் திரைவாசிப்பு மென்பொருளின் துணையால் மின்னஞ்சலைக் காதால் கேட்டுப் படிக்கின்றனர். செய்தி முழுவதையும் ஒரு படமாக வரைந்து அனுப்பும் வழக்கம் இன்று பரவி வருகிறது. திரைவாசிப்பானுக்கு அப்படம் ஊமை. லிஸ்ட்மாங்க், அலங்கார வடிவத்தோடு வெற்றுரை வடிவம் ஒன்றையும் அதே மடலில் சேர்த்தனுப்ப இடம் தருகிறது. இது பாராட்டத்தக்க வசதி. ஆனால் அதைச் சேர்க்கும் பொறுப்பு நம்முடையது, மென்பொருள் வற்புறுத்துவதில்லை.

கண்காணிக்கும் புள்ளி

செய்திமடல் மென்பொருள்கள் பலவற்றில் ஒரு நுட்பம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி அளவுப் படத்தை மடலில் ஒளித்து வைப்பார்கள். வாசகர் மடலைத் திறக்கும்போது அப்படம் அனுப்புநரின் கணிப்பொறியிலிருந்து வந்தாக வேண்டும். அவ்வாறு வருவதைக் கொண்டு 'மடல் திறக்கப்பட்டது' என்று குறித்துக்கொள்வார்கள். லிஸ்ட்மாங்கிலும் இது உண்டு. ஆயினும் எத்தனை பேர் திறந்தனர் என்ற கூட்டுத்தொகையை மட்டும் குறித்து, இன்னார் திறந்தார் என்பதைக் குறிக்காமல் விடும் ஏற்பாடு அதில் இருக்கிறது.

அந்தக் கூட்டுத்தொகையேனும் நம்பத் தகுந்ததா? ஆப்பிள் நிறுவனம் 2021 முதல், வாசகர் மடலைப் படித்தாலும் படிக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே தருவித்து வைக்கும் வசதியைத் தன் மின்னஞ்சல் செயலியில் சேர்த்தது. அவ்வாசகர்கள் மடலைத் தொடாமலே 'திறந்தவர்' ஆகின்றனர். ஆகவே அந்தத் தொகை அறிவியல் அளவீடு ஆகாது. நம் மன்றத்தின் வாசகர்களுள் பள்ளி மாணவர்களும் இருப்பர். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதை விலக்குகிறது. ஆகவே இப்புள்ளியை அறவே நீக்கிவிடுவது அறிவுடைமை. கழியில் எத்தனை பறவைகள் வந்தன என்று எண்ணுவோம். வாசகரை எண்ண வேண்டாம்.

குறையும் நிறையும்

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். லிஸ்ட்மாங்கின் நிறைகள் தெளிவானவை. சிறிய கணிப்பொறியில் இயங்குகிறது. முகவரிப் பட்டியல் முழுமையாக நம் கையில் இருக்கிறது. எந்நேரமும் அதை வெளியே எடுத்துக்கொண்டு வேறு மென்பொருளுக்குக் குடிபெயரலாம். சேர விரும்புவோரிடம் மறுமடல் வழியாக இசைவை உறுதி செய்துகொள்ளும் ஏற்பாடு உண்டு. திரும்பி வரும் மடல்களைக் கண்டறிந்து, செத்த முகவரிகளை நீக்கும் ஏற்பாடும் உண்டு.

குறைகள் மூன்று. முதலாவது, அதன் ஆங்கிலக் கையேடு மென்பொருளை நிறுவுவதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. டொமைன், மூன்று பூட்டுகள், ஐ.பி. எண்ணின் நற்பெயர் ஆகியவற்றை அறிந்தவர்க்கே அது எழுதப்பட்டது போல் தோன்றுகிறது. கற்கத் தொடங்கும் மாணவர் வாயிலில் நின்று விழிக்கிறார். இரண்டாவது, அனுப்பும் வேகத்துக்கு வைத்துள்ள அமைப்பு பெருநிறுவனத்துக்கு ஏற்றது. பத்து இழைகள், இழை ஒன்றுக்கு நொடிக்குப் பத்து மடல் என வைத்தால் நொடிக்கு நூறு மடல் பறக்கும். நம் 600 மடலும் 6 நொடியில் முடியும். அறிமுகமற்ற ஒரு புதிய அனுப்புநர் இவ்வாறு பாய்ந்தால், வாயிற்காவலர் ஐயுறுவதில் வியப்பில்லை. வேகத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறது. ஆனால் புதியவர் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்றாவது, வாசகர்களைத் தேர்ந்து பிரிக்க எஸ்.க்யூ.எல். என்னும் தரவுத்தள மொழியை நேரடியாக எழுதச் சொல்கிறது. வல்லார் கையில் அது கூர்வாள், பிறர்க்கு எட்டாக்கனி.

இக்குறைகளுள் முதலாவதைத் தீர்க்க வேண்டியவர் பெங்களூரில் மட்டும் இல்லை, நம்மிடையேயும் இருக்கிறார். 2012 முதல் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதிவரும் கணியம் போன்ற முயற்சிகள் நமக்கு உண்டு. இம்மென்பொருளுக்கும், அதற்கப்பால் மடல் செல்லும் வழிக்கும் சேர்த்து ஒரு தமிழ்க் கையேடு எழுதப்படுமானால், எத்தனையோ பள்ளி மன்றங்களும் நூலகங்களும் பயன்பெறும்.

முடிவாக

அப்படியானால் முட்டுக்காட்டு மன்றம் என்ன செய்வது? எல்லாவற்றையும் தானே செய்வேன் என்ற பிடிவாதமும் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கும் சோம்பலும் வேண்டாம். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பிரித்தறிவதே வழி.

விட்டுக்கொடுக்கக் கூடாதவை இரண்டு. ஒன்று, முகவரிப் பட்டியல். மற்றொன்று, டொமைன் என்னும் இணையப் பெயர். மூன்று பூட்டுகளும் அப்பெயரோடு பிணைந்தவை ஆதலால், மன்றம் ஈட்டும் நற்பெயரும் பெரிதும் அதனோடு ஒட்டியே வளரும். ஆகவே மென்பொருளை நிறுவுமுன் பெயரைப் பதிவு செய்யுங்கள். ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பியுங்கள். விட்டுக்கொடுக்கத் தக்கது, சுமந்து செல்லும் பணி. அதற்கென அஞ்சல் சுமக்கும் நிறுவனங்கள் உண்டு. அமேசானின் சேவை ஆயிரம் மடலுக்கு 10 அமெரிக்க சென்ட் என்ற அளவில் கட்டணம் பெற்று வந்துள்ளது. லிஸ்ட்மாங்கில் அந்நிறுவனத்தின் விவரத்தை நிரப்பினால் போதும். நாளை அந்நிறுவனம் கட்டணத்தை உயர்த்தினாலும், கதவை மூடினாலும், வேறொரு சுமப்பவரின் விவரத்தை அதே இடத்தில் நிரப்பிவிட்டு நம் பணியைத் தொடரலாம். ஒரு வாசகரையும் இழக்க வேண்டியதில்லை. யாகூ குழுக்களுக்கு வாய்க்காத பாதுகாப்பு இதுவே.

மென்பொருளையும் வீட்டு மடிக்கணினியில் வைப்பதைவிட, நூலகம் அல்லது கல்லூரி போன்று இடையறாத மின்சாரமுள்ள ஓர் இடத்திலோ, சிறு வாடகைக் கணிப்பொறியிலோ வைப்பது மேல். விலகும் வாயில் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பதே காரணம். வீட்டு மடிக்கணினி பயின்று பார்க்கவும் படியெடுத்து வைக்கவும் உதவட்டும். முதல் மாதம் 50 பேருக்கு அனுப்புங்கள், அடுத்த மாதம் 150, பின்னர் 600. கேட்டுப் பெற்றவருக்கே அனுப்புங்கள். பள்ளி விழாவில் எழுதி வாங்கிய முகவரிகளை எல்லாம் அள்ளிப் போடாதீர்கள். இரண்டு புகார்களின் எடை என்ன என்று மேலே கணக்கிட்டோம் அல்லவா?

கணிப்பொறியில் ஒரு மென்பொருளை நிறுவுவது ஒரு மாலை வேலை. 600 பேர் 'இவர்கள் மடல் வந்தால் படிக்கலாம்' என்று எண்ணும்படி நடந்துகொள்வது ஆண்டுக்கணக்கான வேலை. முன்னதை லிஸ்ட்மாங்க் செம்மையாகச் செய்து தருகிறது. பின்னதைச் செய்து தரும் மென்பொருள் எதுவும் இல்லை. அதை நாமே எழுதியாக வேண்டும், மாதம் ஒரு மடலாக.